டாக்டர் சமீமியின் குரல்

லாஸ் ஏஞ்சல்ஸ்
14 ஜனவரி 1989

அன்புத் தம்பி அர்தவான்,

டொரொண்டோ பனியில் உறைந்துவிட்டாயா, இல்லை அக்காவையே மறந்துவிட்டாயா? இங்கே நவ்ரூஸ் புத்தாண்டுக்கு நம் ஈரானியர் சங்கம் இப்போதே அமர்க்களப்படுகிறது. இந்த ஊரில் பேரெடுத்த ஈரானியர்களை மேடையேற்றிப் பாராட்டப்போகிறோம். யாரை ஏற்றுவது என்பதில்தான் அடிதடி. அர்மீனியர் ஒருவர் என்றால் யூதர் ஒருவர், பஹாய் மதத்தவர் ஒருவர் வேண்டுமாம். "தெஹ்ரான்ல பக்கத்து வீட்டுல இருந்தப்போ இவ்வளவு கணக்குப் பார்க்கலியே!" என்று தலைவர் வாஸ்கன் தலையிலடித்துக்கொண்டார்.

எல்லாரும் ஒத்துக்கொண்ட பெயர் டாக்டர் ஜஹாங்கீர் சமீமி. இங்கே வந்து ஆஸ்பத்திரியில் தரை துடைத்துக்கொண்டே டாக்டர் பரீட்சையை மறுபடி எழுதி, சொந்தமாக கிளினிக் வைத்தவர். என் மகள் தாரா கையைக் கிழித்துக்கொண்டபோது அவர்தான் தையல் போட்டார். "பொறுத்துக்கோ என் சிங்கமே, மூச்சை மெதுவா விடு" என்றார். அழுதவள் சிரித்துவிட்டாள்.

உன் அக்கா,
மஹின்

டொரொண்டோ
2 பிப்ரவரி

அக்கா,

டாக்டர் தாராவிடம் சொன்ன அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சிறையில் என் கண்ணைக் கட்டியிருந்தார்கள் என்று சொல்லியிருக்கிறேன். பாதத்தில் அடித்து முடித்ததும் ஒருவன் வந்து கட்டுப்போடுவான். இதே பேச்சுதான்: "பொறுத்துக்கோ என் சிங்கமே." புண் ஆறியதும் மறுபடி அடிப்பார்கள். அவன் வைத்தியம் பார்த்தது எனக்காகவா, அவர்களுக்காகவா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஈரானில் புரட்சிக்குப் பிந்தைய வருடங்களில் டாக்டர் சமீமி எங்கே இருந்தார் என்று பேச்சுவாக்கில் கேள். யாரிடமும் சொல்லாதே. எனக்கே நிச்சயமில்லை.

அர்தவான்

லாஸ் ஏஞ்சல்ஸ்
20 பிப்ரவரி

அன்பு அர்தவான்,

நீ அனுபவித்ததை நினைத்தால் என்னால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? வாஸ்கனிடம் மட்டும்தான் சொன்னேன். அவர் கூட்டத்திலேயே கேட்டுவிட்டார்: "டாக்டர், மஹினோட தம்பி இருந்த சிறையில நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"கைதியாவா, டாக்டராவா?"

"ரெண்டாவும்தான்" என்றார். சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்து போய்விட்டார். ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் அப்படிப் போவாரா? "பாரு, ஈரான் அரசாங்கத்தோட ஆள்தான். நம்மள வேவு பார்க்க அனுப்பியிருக்காங்க" என்று சங்கத்துத் திருமதி யஷாயி அங்கேயே சொல்லிவிட்டாள். பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டோம். கிளினிக்கில் இப்போது ஈ ஓட்டுகிறாராம். உனக்கு நிம்மதிதானே?

மஹின்

டொரொண்டோ
4 மார்ச்

அக்கா,

யாரிடமும் சொல்லாதே என்று எழுதினேனே! அங்கே நம் ஆட்கள் ஒருவரையொருவர் எப்படி உளவாளியாகப் பார்ப்பார்கள் என்று உனக்குத் தெரியாதா? நான் சந்தேகம் என்றேன். நீ தீர்ப்பே சொல்லிவிட்டாய்.

அர்தவான்

லாஸ் ஏஞ்சல்ஸ்
13 மார்ச்

தம்பி,

கோபிக்காமல் படி. டாக்டரின் மனைவி மோனிரே நேற்று வந்தாள். தேநீர் கொடுத்தேன், தொடவில்லை.

"எங்க வீட்டுக்காரர் வீட்டுக்குள்ளகூட காலுறையைக் கழட்ட மாட்டார். ஏன்னு தெரியுமா, மஹின்? உங்க தம்பி பாதம் எப்படி இருக்கோ அப்படித்தான் அவர் பாதமும் இருக்கு. அவரையும் அடிச்சாங்க. அடிச்சிட்டு, மத்தவங்களுக்குக் கட்டுப்போடச் சொன்னாங்க. போடாம விட்டா புண் அழுகிச் செத்துப்போவாங்களேன்னு போட்டார்."

"கூட்டத்துல இதைச் சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"காலுறையைக் கழட்டிக் காட்டணுமா உங்களுக்கு?" என்றாள்.

கிளினிக்கை மூடிவிட்டு சான் டியாகோ போகிறார்களாம். நிஜமாக இருக்குமா, அர்தவான்? நடிப்பாகவும் இருக்கலாம் இல்லையா? எனக்கு யாரை நம்புவதென்றே தெரியவில்லை. மோனிரே தந்துவிட்டுப் போன அவர்களுடைய புது போன் எண்ணை இத்துடன் எழுதியிருக்கிறேன்.

மஹின்

டொரொண்டோ
24 மார்ச்

அக்கா,

டாக்டரை போனில் கூப்பிட்டேன். என் பெயரைச் சொன்னேன். எந்தச் சிறை, எந்த மாதம் என்று சொன்னேன். போனை வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் கேட்டார்: "இடது கால் குதிகால்ல எலும்பு விலகியிருந்துச்சே, இப்போ நடக்க முடியுதா?"

யாருக்கும் நான் சொல்லாத விஷயம் அது, உனக்கும்கூட; அன்று கட்டுப்போட்டவருக்கு மட்டும்தான் தெரியும். "நடக்க முடியுது, டாக்டர்" என்றேன்.

அடுத்த வாரம் சான் டியாகோ வருகிறேன். உன் வீட்டுக்கு வரவில்லை. நீ அங்கே வர நினைத்தால் என்னிடம் கேட்காதே, மோனிரேயிடம் கேள்.

அர்தவான்