எழுபத்தைந்து லிட்டரா, நூற்றைந்து லிட்டரா

12 ஜூன் 2000, திங்கள்

காலை ஏழுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பள்ளி திறந்து இரண்டாவது வாரம். வலைப்பந்து இரண்டிலும் ஓட்டை, எச்.எம்.மிடம் கேட்கணும். விசில் காணோம்.

மதியம் யென்ஸ் பள்ளிக்கே வந்துவிட்டார். துறைமுகக் கட்டுமானத்தில் அவர் வேலை முடிந்ததாம். அடுத்த திங்கள் டென்மார்க் கிளம்புகிறார். காற்றில் பாய் பிடித்து நின்று ஓட்டும் பலகை இரண்டு வைத்திருக்கிறாரே, அதில் ஒன்று எனக்கு. மற்றது பாண்டிச்சேரி நண்பருக்கு. எது வேண்டும் என்று சனிக்கிழமை மாலைக்குள் சொல்லணும். கேட்டில் வைத்துக் கை குலுக்கிவிட்டுப் போனார். இனி ஒரு வாரம் ஸ்டாஃப் ரூமில் இதுதான் பேச்சு.

சின்னது: 8 அடி 4 அங்குலம். 75 லிட்டர். வெள்ளை. அலைக்கென்றே செய்தது. நினைத்த பக்கம் திரும்பும்.
பெரியது: 9 அடி 2. 105 லி. மஞ்சள், மூக்கில் ஒட்டு. அலைக்கும் ஆகும், சும்மா ஓட்டவும் ஆகும். எண்ணூர் பஸ் மாதிரி.

சின்னதுதான். யோசிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது. மே மாதம் சின்னதை இரவல் வாங்கிப் போனேன். ஒரு மணி நேரம்! முப்பத்து மூன்று வயதில் அப்படி ஒரு மணி நேரம் எனக்கு வந்ததில்லை. கல்லூரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் பாய் பிடித்துக் கற்றதெல்லாம் இதற்குத்தான் என்று தோன்றியது. ஐந்தேகாலுக்குக் காற்று பொட்டென்று நின்றது. பலகை என்னோடு சேர்ந்து தண்ணீருக்குள் இறங்கிவிட்டது, இடுப்பு வரை. நீரோட்டம் காட்டுப்பள்ளிப் பக்கம் இழுத்தது. முகத்துவாரக்குப்பம் தேசப்பன், எட்டாம் வகுப்பு ரேவதியின் அப்பா, கட்டுமரத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார். குப்பமே கரையில். நடுவில் என் வீட்டுக்காரர் ஞானராஜ், தகவல் கேட்டு வண்ணாரப்பேட்டை எண்ணெய்க் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தவர். அங்கேயே சொன்னார்: "இன்னொரு தடவை அடுத்தவன் கட்டுமரத்துல ஏறிக் கரைக்கு வந்தே, அதோட முடிஞ்சுது. பலகையை ஒடச்சு அடுப்புல வச்சிருவேன்." நானும் அழுதுகொண்டே சரி என்றுவிட்டேன். எல்லார் முன்னாலும்.

ஆக, எது என்னைத் தானாகக் கரை சேர்க்கும்? அது மட்டும்தான் கேள்வி.

13, செவ்வாய்

விசில் கிடைத்தது. என் கழுத்திலேயே.

சாயங்காலம் கடைக்குப் போய் ஞா.விடம் பேச்சை எடுத்தேன். "எழுபத்தஞ்சு லிட்டர்னா, அதுக்குள்ள என்னத்த ஊத்துவாங்க?" எண்ணெய் மொத்த வியாபாரி வேறு எப்படிக் கேட்பார். ஒன்றும் ஊற்ற மாட்டார்கள், எவ்வளவு எடையை மிதக்க விடும் என்பதற்கான அளவு, ஆள் எடைக்குத் தக்கபடி எடுக்கணும் என்றேன்.

"உன் எடை எவ்வளவுன்னு அந்தாள்ட்ட சொன்னே?"

"அம்பத்தெட்டு."

"கல்யாணத்தப்ப இருந்ததை இன்னும் சொல்லிக்கிட்டிருக்கியா? ஏறு."

புண்ணாக்கு மூட்டை நிறுக்கிற தராசு. கடை ஆட்கள் எல்லாரும் வேறு பக்கம் திரும்பிச் சிரிக்கிறார்கள். 64½. செருப்பைக் கழற்றினேன். அதே 64½. பி.டி. டீச்சராம், பி.டி. டீச்சர்.

14, புதன்

3.30க்குத் தெற்குக் காற்று நன்றாக எழும்பியது. இரண்டு பலகையும் தேசப்பன் வீட்டு வலைக் கொட்டகையில்தான் இருக்கின்றன. பள்ளி விட்டதும் பெரியதை எடுத்துப் பார்த்தேன். கரை அலையே தாண்டவில்லை. மூன்று முறை தூக்கி அடித்தது. இடது முட்டி சிராய்ப்பு.

தேசப்பனுக்கு ஒரே சிரிப்பு. "இம்மாம் பெர்ச எட்துகினு போனா அலை உன்ன வுடுமா டீச்சர்? கரையாண்டயே மட்க்கி அட்ச்சுடும். சின்னதுன்னா சொருகிகினு பூடும்."

கருவாடு புரட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி மல்லிகா விடவில்லை. "சொருகிகினு பூடும், சரி. அப்பால காத்து நின்னுச்சுன்னா? மறுக்கா நீ போயி இட்டுகினு வருவியா?"

"அத்தும் கரீட்டுதான்."

"எதுதாங்க எடுக்கிறது?" எனக்கு அழுகையே வரும்போல.

"என்னைய கேட்டா? அலைக்கு ஒரு மரம், காத்துக்கு ஒரு மரம்னு நாங்க இன்னா வச்சுகினா கீறோம்? இருக்கறத தள்ளிகினு போவோம்," என்றார் தேசப்பன்.

15, வியாழன்

காலை பிரேயர்: சின்னது.
3வது பீரியட்: பெரியது.
சாப்பாட்டு வேளை: சின்னது. முடிவு. இனி மாற்றமில்லை.
4.10, பஸ் ஸ்டாப்: பெரியது.

யென்ஸ் கொடுத்த பத்திரிகையில் உங்கள் கடலுக்கு ஏற்ற பலகை என்று எட்டுப் பக்கம். நீலக் கடல், தூரத்தில் உடையும் அலை, காற்று கரையோரமாகவே வீசுகிறது. நம் அலை காலடியில் உடைகிறது. காற்று சாய்ந்து கரைக்கே தள்ளுகிறது. தண்ணீரில் அனல்மின் நிலையச் சாம்பல். எட்டுப் பக்கத்தில் எண்ணூருக்கு ஒரு வரி இல்லை.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து யென்ஸுக்கு போன். உண்மை எடையைச் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, உள்ளபடி சொன்னால் இந்தக் கடலுக்கு இரண்டுமே சரியில்லை என்றார். நல்ல மனுஷன்! இதை முதலிலேயே சொல்வதற்கென்ன?

பெரியதை எடுத்தால் எனக்கு வயதாகிவிட்டது என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. சின்னதை எடுத்தால் மறுபடி அந்தக் கட்டுமரம், அந்தக் கூட்டம். ஒரு பலகைக்காக சமையலறையில் நின்று அழுதேன். வெட்கமாக இருக்கிறது.

16, வெள்ளி

ஞா. மூன்று சக்கர வண்டியில் பன்னிரண்டு காலி எண்ணெய் டின் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். எல்லாம் 15 லிட்டர். வாயை ஈயம் வைத்து அடைத்து.

"அஞ்சு சேத்துக் கட்டினா எழுபத்தஞ்சு. ஏழு கட்டினா நூத்தஞ்சு. நாளைக்குத் தண்ணில போட்டுப் பாத்துருவோம். நீயா நெனச்சுக்கிட்டே இருந்தா எப்படி?"

பலகையை ஒடித்து அடுப்பில் வைப்பேன் என்றவர். இவருக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் விளங்கவில்லை.

17, சனி

கழிமுகத்தின் உள்பக்கம், தண்ணீர் அசையாத இடம். இடுப்பளவு ஆழம். ஞா. டின்களைக் கயிற்றால் கட்டினார். பாய்க்கும் பாய்மரத்துக்கும் பதிலாகப் பன்னிரண்டு கிலோ மணல் மூட்டை. "இன்னா டீச்சர், எண்ணெ யாவாரம் தண்ணிக்கே வந்துட்ச்சா?" என்று தேசப்பன்.

ஐந்து டின்: உட்கார்ந்ததும் இறங்கிவிட்டது. தொப்புள் வரை தண்ணீர்.
ஏழு டின்: டின் மேல் சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை.

அப்புறம் ஞா. தானும் ஏழில் ஏறினார். 88 கிலோ. டின்னோடு கவிழ்ந்து, நீச்சல் தெரியாததால், நின்றால் இடுப்பளவே இருக்கிற தண்ணீரில் "ஐயோ, பிடிங்க பிடிங்க" என்று கத்தினார். மல்லிகா சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அஞ்சுலயும் நான் முங்கலையே, இடுப்பு வரைக்கும்தானே?" என்று நான் இன்னும் வாதாடிக்கொண்டிருந்தேன். ஞா. தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "அஞ்சுல உக்காந்திருந்தப்ப உன் மூஞ்சி மே மாசத்துல இருந்த மாதிரியே இருந்துது. எதை வேணாலும் எடு. ஏழு எடுத்தா நான் நிம்மதியா கடையில இருப்பேன். அஞ்சு எடுத்தா இங்கதான் வந்து நிக்கணும்."

ஆறு மணிக்கு யென்ஸுக்கு போன். பெரியது.

18, ஞாயிறு

பாண்டிச்சேரி வேன் வந்தது. சின்னதைப் போர்வையில் சுற்றி மேலே கட்டினார்கள். வெள்ளை மூக்கு மட்டும் வெளியே. தப்பு செய்துவிட்டேனோ? வேன் திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன். நெஞ்சு வலித்தது, நிஜமாகவே.

24, சனி

அரை நாள் பள்ளி. 3 மணிக்குக் கடல். பெரிய அலை மூன்று போகும் வரை காத்திருந்து தள்ளினேன், தாண்டிவிட்டது! திருப்பினால்தான் திரும்ப மாட்டேன் என்கிறது. பஸ்ஸேதான். சின்னதை நினைத்துக்கொண்டேதான் ஓட்டினேன்.

5.10க்குக் காற்று நின்றது. அதே பொட்டென்று. பாய் தண்ணீரில் விழுந்தது. நான் நின்றேன். பலகையும் நின்றது. கணுக்கால் வரைகூடத் தண்ணீர் ஏறவில்லை. பாயைத் தூக்கிப் பிடித்து, கிடைத்த பொட்டுக் காற்றில் அங்குலம் அங்குலமாகக் கரைப் பக்கம் வந்தேன்.

பாதி தூரத்தில் எதிரே ஒரு கட்டுமரம். துடுப்புப் போடுவது தேசப்பன். அவர் காலடியில் கடைச் சட்டையோடு ஞா. கட்டுக் கயிற்றை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, மதியம் தின்றதையெல்லாம் கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"மூணு மணிலேந்து கொட்டாய் பின்னாலதான் நின்னுகினு இர்ந்தாரு. டீச்சர் தானா வந்துகினு கீதுன்னு சொன்னேன். கேக்கல. ஒரே பேஜாரு."

"கடையில இருப்பேன்னீங்க?"

"காத்து நின்னுட்டுல்லா," என்றார் ஞா. மறுபடி குனிந்துவிட்டார்.

நான் முன்னால், அவர்கள் பின்னால். குப்பமே கரையில். நான் என் பலகையில் வந்து இறங்கினேன். அவரைத் தேசப்பனும் மல்லிகாவும் ஆளுக்கொரு கை பிடித்து இறக்கினார்கள்.

"அடுத்தவன் கட்டுமரத்துல ஏறிக் கரைக்கு வந்தது இப்ப யாரு?" என்றேன்.

மணலில் உட்கார்ந்து வாயைத் துடைத்தார். "அப்ப என்னையத் தூக்கி அடுப்புல வை," என்றார்.

சட்டையில் எண்ணெயும் உப்பும். போகுமா தெரியவில்லை. ஊறப் போட்டிருக்கிறேன்.