அனைத்திந்தியப் போட்டிக்குப் பேச்சி வரக்கூடாதாம், மாப்ளே

என் அன்பு மாப்பிள்ளை கதிரேசா,

போடி நகரப் பெருமக்களே, நீங்களும் கேளுங்கள்! மறைந்தவனின் பெயரைச் சுவரொட்டியில் பெரிதாக அச்சிட்டுவிட்டு, அவன் வாழ்நாளெல்லாம் எதிர்த்த செயலை அவன் பெயராலேயே செய்யத் துணிந்திருக்கிறது நம் சதுரங்க மன்றம்.

மாப்ளே, உன் நினைவாக வரும் ஞாயிறன்று போட்டி. ‘அனைத்திந்திய’ என்று தலைப்பு. ஆடப்போகிறவர்களோ இரண்டே தெருக்காரர்கள். மலைத்தோட்டத்து ஆட்களுக்கு இடமில்லையாம்.

உன் நீலநிற நோட்டு இப்போது என் கையில் இருக்கிறது. ஏலக்காய் ஏல மையத்தில் மாதிரி பார்க்கும் வேலை முடிந்ததும், மாதக்கணக்கில் பிந்தி வரும் அயல்நாட்டு இதழ்களை விரித்துவைத்துக் கணிப்பொறிகள் தங்களுக்குள் மோதும் சதுரங்கப் போட்டிகளை இதில்தானே எடைபோட்டாய்? அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடக்கும் போட்டிக்கு முதலிடம் தந்தாய். மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கும் உலகப் போட்டியை அதற்குக் கீழே எழுதினாய். நான் சிரித்தேன்.

“ஏன் மாப்ளே, உலகம்னே பேரு வச்சிருக்கான். அதைப் போயி கீழ தள்ளுறியே?”

“மச்சான், சாக்குல என்ன அச்சடிச்சிருக்குன்னு பாத்தா ஏலம் கேக்குறோம்? கைய விட்டு அள்ளித்தான பாக்குறோம். யாரு யாரு வந்து மோதுனான்னு மொதல்ல பாரு. பெறகு பட்டத்தப் பத்திப் பேசு.”

சிறு கணிப்பொறிகளுக்கான போட்டி என்றால் உனக்கு இன்னும் சினம். போட்டிக்கு வருவது ஒரு பெட்டி, கடையில் விற்பது வேறொரு பெட்டி என்று படித்த அன்று நோட்டை மூடிவிட்டாய். “நம்ம மையத்துல இப்படி மாதிரி காட்டுனா வெரட்டி விட்ருவாக” என்றாய்.

முத்துப்பேச்சியை நீ மறந்திருக்கமாட்டாய். மலைத்தோட்டத்தில் பகலெல்லாம் குனிந்து ஏலக்காய் பறிப்பவள். தோட்டத்துக் கொட்டகையில் உன்னையே மூன்று முறை தோற்கடித்தவள். “என்னண்ணே, ராணியக் காவு குடுத்துட்டு இப்பிடி முழிக்கிறீக?” என்று அவள் கேட்டதும், என்னைவிட உரக்கச் சிரித்தவன் நீதான்.

அவள் பெயரைக் கொடுக்க நானே மன்றத்துக்குப் போனேன். செயலாளர் தாளைத் தொடவுமில்லை.

“தோட்டத்து ஆளுக வந்தா போட்டியோட மதிப்பு கொறஞ்சு போகும்ணே. வெளியூர்ல இருந்து பெரியவுக வர்றாக.”

“பெரியவுக ஆட வர்றாகளா, மாலை வாங்க வர்றாகளா?” என்றேன்.

எத்தகைய மதிப்பு இது? ஆட்டக்களத்துக்கே வராமல், எங்கோ ஓர் ஊரில் இருந்தபடி தொலைபேசி வழியே காய் நகர்த்திய பெரிய கணிப்பொறிக்குக்கூட, நீ எடைபோட்ட அந்தப் போட்டிகளில் இடம் கொடுத்தார்களே! ஜீப்பில் தொங்கிக்கொண்டு நேரில் இறங்கி வரும் பேச்சிக்குப் போடியில் ஒரு நாற்காலி இல்லையா? வலிமையானவளை வெளியே நிறுத்திவிட்டு வாகை சூடுகிறவன், உன் படத்தின்முன் எந்த முகத்தோடு நிற்பான்?

மன்றத்தாரே, இன்றே அந்த அறிவிப்பைக் கிழித்தெறியுங்கள்! மலையிலிருந்து வருகிற எல்லோர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். மனமில்லையென்றால் சுவரொட்டியிலிருந்து கதிரேசன் பெயரை எடுத்துவிடுங்கள்!

மாப்ளே, இது உறுதி. ஞாயிறன்று பேச்சிக்குக் கதவு திறக்காவிட்டால் மன்றத்து வாசலிலேயே உன் பலகையை விரிப்பேன். முதல் ஆட்டம் எனக்கும் பேச்சிக்கும். ஊர் பார்க்க நான் தோற்பேன்.

உனக்குப் பெண் கொடுத்த வீட்டுக்காரன்,
உன் மச்சான்.