முப்பத்துமூன்றாம் நம்பர் பூட்ஸ்

நவம்பர் 10, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் சோபியா பெட்டியைப் பிரித்தாள். டெல்லியிலிருந்து வந்த பூட்ஸ். காலை விட்டு, கயிற்றை இழுத்துக் கட்டி, வீட்டுக்குள்ளேயே நாலு எட்டு வைத்தாள். பூட்ஸ் ஒரு பக்கம் நடந்தது, கால் உள்ளே தனியாக நடந்தது.

"பொம்பளைங்களுக்கு உள்ளதுலயே இதுதான் சின்னதாம் அய்யா. முப்பத்தாறு. எனக்கு முப்பத்துமூணு வேணும்."

மறுபடி ஒட்டி, திருப்பி அனுப்பக் கட்டி வைத்துவிட்டாள். இது மூன்றாவது பெட்டி.

சோபியா என் மகன் லியோனுக்கு ஒரே மகள். அவன் சவுதியில் லாரி ஓட்டுகிறான். இவளுக்கு இருபத்துமூன்று வயது, கீரனூரில் விளையாட்டு டீச்சர். உயரம் நாலடி ஏழு அங்குலம். பாதம் என் சாணுக்கு ஒரு விரற்கடை குறைவு. அந்தப் பாதத்தை வைத்துக்கொண்டு ஜனவரியில் இமாசலத்தில் உறைந்து நிற்கும் அருவியில் ஏறப் போகிறாள். நாடு முழுக்கச் சலித்துப் பன்னிரண்டு பெண்களை எடுத்திருக்கிறார்கள். அதில் இவளும் ஒருத்தி.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல இந்தப் போன் எழுதுகிறது. வாய்க்கு வந்தபடி பேசினால் கண்டதையும் எழுதுகிறது, கோயிலில் வாசகம் வாசிக்கிற மாதிரி சொன்னால் ஒழுங்காக எழுதுகிறது என்று மருமகள் ஜாஸ்பின் படித்துப் பார்த்துச் சொன்னாள். அறுபது வருடம் வாசகம் கேட்ட காது. அது போதும்.

நவம்பர் 13, புதன்

பூட்ஸ் எதற்கு அவ்வளவு கணக்காக இருக்க வேண்டும் என்று கேட்டேன். அடி பலகை மாதிரி விறைப்பாக இருக்குமாம். அதன் கீழே இரும்புப் பற்களை மாட்டுவார்களாம். பனியில் உதைத்து, முன்னால் உள்ள இரண்டு பல்லில் மட்டும் நிற்க வேண்டுமாம். குதிகால் உள்ளே ஒரு நெல் அளவு தூக்கினாலும் பல் கழன்றுவிடும். பிள்ளைகள் போடும் பனி பூட்ஸில் இவள் அளவு கிடைக்கிறது, ஆனால் அடி ரப்பராக வளைகிறது. அதில் பல் நிற்காது.

"இறுக்கமா இருந்தா?"

"ரத்தம் ஓடாது அய்யா. வெரலு கறுத்துப் போகும்."

"கறுத்தா?"

"எடுத்துருவாங்க."

பாடம் நடத்துகிற மாதிரி சொன்னாள். ஜாஸ்பின் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

நவம்பர் 19, செவ்வாய்

மழை. டீக்கடையில் பிச்சைமுத்து, என்னோடு முப்பது வருடம் கல் உடைத்தவன், எல்லாரும் கேட்கச் சொல்கிறான்: "ஏப்பா சந்தனசாமி, ஒம் பேத்தி காலுக்குக் கொலுசு தேடுனா கெடைக்கும். பூட்ஸ் எங்கிட்டுக் கெடைக்கும்? பொம்மைக் கடையில கேட்டுப் பாரு."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 24, ஞாயிறு

இன்று சண்டை. சென்னைக் கடையும் கையை விரித்துவிட்டது. "முப்பத்தாறையே வாங்கிக்கிறேன். மூணு சாக்ஸ் போட்டு, முன்னால துணிய அடைச்சா நிக்கும்" என்றாள்.

நான் கத்திவிட்டேன். எதற்குக் கத்தினேன் என்று அவளுக்குத் தெரியாது. அதனால் சொன்னேன்.

எழுபத்தொன்பதாம் வருடம், ஐப்பசி, இதே மாதிரி மழை. குவாரியில் எல்லாருக்கும் ஒரே அளவில் ரப்பர் கம்பூட்ஸ் கொடுத்தார்கள், பத்தாம் நம்பர். என் அண்ணன் இன்னாசிக்குக் கால் ஏழு. துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டான். நாற்பதடி மேலே ஒரு விளிம்பில் நின்று திரும்பினான். கால் திரும்பியது, பூட்ஸ் திரும்பவில்லை. அவன் கீழே வந்துவிட்டான். இடது பூட்ஸ் மேலேயே நின்றது. நான்தான் ஏறி எடுத்து வந்தேன். உள்ளே இருந்த துணி ஈரம்கூடப் படாமல் இருந்தது.

சோபியா குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள். பிறகு, "அப்ப நான் போக வேணாங்கிறீங்களா?" என்றாள்.

போகாதே என்று சொல்ல வாய் வந்தது. சத்தியமாக வந்தது. "போ. ஆனா கால்ல ஒட்டுன பூட்ஸோட போ" என்றேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

கிடைத்துவிட்டது!

மணாலியில் மலையேறும் சாமான் வைத்திருக்கும் ஒரு அம்மா. எப்போதோ ஏறிப் போன ஜப்பான்காரப் பெண் ஒருத்தி விட்டுப்போன தோல் பூட்ஸ். அடி விறைப்பு, முன்னும் பின்னும் பல் மாட்ட இடம், நம்பர் முப்பத்துமூன்று. வருடக்கணக்கில் யார் காலுக்கும் ஆகாமல் கிடந்ததாம். அந்த அம்மா அளவைக் கேட்டாள். சோபியா உட்கார்ந்தபடி டேப்பைப் பிடித்தாள். "நில்லு. பாரம் எறங்குனாத்தான் பாதம் தன் அளவச் சொல்லும்" என்று எழுப்பி, சாக்பீஸால் தரையில் சுற்றி வரைந்து, அதை அளந்து அனுப்பச் சொன்னேன்.

அனுப்பிவிட்டாள். இனி அது வர வேண்டும். முகாம் ஜனவரி இரண்டு. முதல் நாளே கால் பரிசோதனை. பூட்ஸ் சேராதவர்களைப் பனியைத் தொட விடமாட்டார்கள்.

டிசம்பர் 14, சனி

வந்தது. நீளம் அச்சாகப் பொருந்தியது. குதிகால் அசையவில்லை. கிணற்றுச் சுவரில் ஓங்கி உதைத்துக் காட்டினாள். சுவர்தான் உதிர்ந்தது. ஜாஸ்பின் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஒரே குறை. இவள் சின்ன வயதில் செருப்பே போடாமல் திரிந்தவள், விரல் விரிந்த கால். இடது பூட்ஸில் சுண்டுவிரல் நசுங்குகிறது.

டிசம்பர் 17, செவ்வாய்

தினமும் மாலையில் பூட்ஸோடு நடக்கிறாள். வலிக்குதா என்றால், "போகப் போகச் சரியாயிரும்." கழற்றும்போது பார்த்தேன். சுண்டுவிரல் வெளுத்து, பிறகு மெதுவாகத்தான் நிறம் வந்தது. ரத்தம் ஓடாது என்று இவள்தானே சொன்னாள்? இங்கேயே இப்படி என்றால் அங்கே?

டிசம்பர் 20, வெள்ளி

என்ன செஞ்சு தொலைச்சேன் நான்.

புதுத் தோல் செருப்பு கடித்தால் எங்கள் ஊரில் என்ன செய்வோம்? விளக்கெண்ணெய் ஊற்றித் தேய்த்து வெயிலில் வைப்போம். ரெண்டு வெயிலில் தோல் வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். எழுபத்தாறு வயது வரைக்கும் நான் போட்ட செருப்பு எல்லாம் அப்படித்தான் பழகியது.

மழை விட்டு இன்றுதான் நல்ல வெயில். சோபியா பள்ளிக்கூடம் போயிருந்தாள், ஜாஸ்பின் கடைக்கு. இடது பூட்ஸை எடுத்து, உள்ளும் புறமும் ஒரு கிண்ணம் எண்ணெயைக் குடிக்க வைத்து, ஆட்டுக் கொட்டகைத் தகரத்தின் மேல் வைத்தேன். வந்ததும் ஆச்சரியப்படட்டும் என்று நினைத்தேன். ஆச்சரியம்!

மூன்று மணிக்கு எடுக்கிறேன், அடி கையோடு வருகிறது. தகரச் சூட்டில் பசை இளகி, முன் பாதி வாயைப் பிளந்துவிட்டது. அழுத்திப் பிடித்தேன். கையை எடுத்தால் திரும்பத் திறக்கிறது. எண்ணெய் உள்ளே வரை போயிருக்கிறது, ஒன்றும் ஒட்டவில்லை. ஒளித்து வைக்கலாமா என்றுகூட நினைத்தேன். இல்லை. பொய் சொல்லி அந்தக் காலை அனுப்ப முடியாது.

அவள் வந்ததும் கையில் கொடுத்தேன். "நாந்தான் சோபியா. எண்ணெ போட்டேன்."

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜாஸ்பின்தான், "ஏன் மாமா, ஒரு வார்த்தை கேக்கக் கூடாதாங்க?" என்றாள்.

கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை.

டிசம்பர் 21, சனி

புதுக்கோட்டையில் செருப்புத் தைக்கிற மூன்று பேரிடம் கொண்டுபோனேன். ஒருத்தர் ஆணி அடிக்கிறேன் என்றார். பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

சோபியா மணாலி அம்மாவோடு இந்தியில் பேசினாள். எனக்குப் புரியாது. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வைத்துவிட்டு, என்னிடம் இல்லை, அம்மாவிடம் சொன்னாள்: அங்கே இந்த மாதிரி பூட்ஸுக்கு அடி மாற்றுகிற ஆள் ஒருத்தர் இருக்கிறார். நாலு நாள் முன்னாலேயே வந்தால் முயற்சி செய்வார். எண்ணெய் குடித்த தோல், பசை பிடிக்குமா என்று உறுதி சொல்ல முடியாதாம்.

அதற்கு நாளை மறுநாளே கிளம்ப வேண்டும்.

"கிறிஸ்மஸ் அன்னைக்கு ரயில்லயாடி?" என்றாள் ஜாஸ்பின்.

சோபியா பையை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 24, செவ்வாய்

திருச்சி ஜங்ஷன். பூட்ஸ் இருந்த பையைத் தூக்கப் போனேன். "வேணாம், அத நான் எடுத்துக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டாள். சொன்ன விதம் ஒன்றும் கடுமையில்லை. அதுதான் சுட்டது.

வண்டி நகரும்போது ஜன்னல் வழியாக, "பிரஷர் மாத்திரைய மறந்துராதீங்க" என்றாள். வேறு ஒன்றும் இல்லை.

டிசம்பர் 28, சனி

கூப்பிட்டாள். பேசியது நாலு நிமிடம், எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"அடி முழுசையும் கழட்டிட்டாரு அய்யா. மூணு தடவ மருந்து போட்டுக் கழுவி எண்ணெய எடுத்தாரு. புது அடி ஒட்டி, சுத்தித் தச்சு, ரெண்டு நாளு அழுத்தி வைக்கிறாரு. எந்தக் கசாப்புக்காரன் இதுல எண்ணெய ஊத்துனான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"எங்க அய்யாதான்னு சொன்னேன்."

"சுண்டுவெரலு?"

"அதுவா... குண்டு வச்ச இரும்புக் கம்பி ஒண்ணு வச்சிருக்காரு. அந்த எடத்த மட்டும் உள்ளேருந்து தள்ளி விட்டாரு. பத்து நிமிஷ வேல."

பத்து நிமிஷம். நான் சும்மா இருந்திருந்தால் பத்து நிமிஷத்தோடு போயிருக்கும்.

பசை பிடிச்சிருச்சா என்று கேட்பதற்குள் சார்ஜ் போய்விட்டது.

ஜனவரி 2, வியாழன்

ஜாஸ்பின் மெசேஜைப் படித்தாள்: "பரிசோதிச்சாங்க. இரும்புப் பல்ல மாட்டி, உதைச்சு, ஒத்தக் கால்ல நிக்கச் சொன்னாங்க. பாஸ். மேல போறோம். ஒன்பது நாள் சிக்னல் இருக்காது. பயப்படாதீங்க."

அம்மாவுக்கா எனக்கா என்று எழுதவில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

கோயிலில் மாதாவிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் முழங்காலில் இருந்தேன். பசை பிடிக்கட்டும் என்றா? அதைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை. அதையே கேட்டேன்.

ஜனவரி 7, செவ்வாய்

அங்கே பூஜ்யத்துக்கும் கீழே இருபது என்று ஜாஸ்பின் போனில் பார்த்துச் சொன்னாள். அது எப்படி இருக்கும்? ஃப்ரிட்ஜின் மேல் கதவைத் திறந்து, ஐஸ் பிடித்த இடத்தில் கையை வைத்து எண்ணினேன். எண்பதுக்கு மேல் விரல் எனக்குச் சொந்தமில்லாதது போல ஆகிவிட்டது.

"மாமா! அங்க என்னங்க பண்றீங்க?"

"மீன் இருக்கான்னு பாத்தேன்."

"செவ்வாக்கெழம ஏது மீனு?" என்றாள். கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்துத் துண்டில் சுற்றினாள். அவள் கையும் சில்லென்றுதான் இருந்தது.

ஜனவரி 9, வியாழன்

இரும்பாக இருந்தால் தட்டிப் பார்த்துச் சொல்வேன். கல்லாக இருந்தாலும் சொல்வேன். பசைக்கு என்ன சத்தம்?

ஜனவரி 11, சனி

ஒன்பது நாள் இன்றோடு முடிந்தது. போன் வரவில்லை. பிச்சைமுத்து வீட்டுக்கே வந்து உட்கார்ந்திருந்தான். ஒரு கேலியும் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஜனவரி 12, ஞாயிறு

காலை பதினொன்றரைக்குப் போன் அடித்தது. வீடியோ. ஜாஸ்பின் "சோபியா, சோபியா" என்று அழுகிறாள். நான் போனை வாங்கினேன். முகம் வெயிலில் கருகி, மூக்கில் தோல் உரிந்திருந்தது. என்னவோ சொல்லிக்கொண்டே போகிறாள், எனக்குக் காதில் விழவில்லை.

"காலக் காட்டு" என்றேன்.

"என்னது?"

"சாக்ஸக் கழட்டு. ரெண்டு காலையும் காட்டு."

"இங்க எல்லாரும் இருக்காங்க அய்யா..."

"காட்டுடி."

கழற்றினாள். வலது கால் ஐந்தும் சரி. இடது காலைத் தூக்கினாள். சுண்டுவிரல் கறுப்பு.

போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு தன் காலைப் பார்த்தாள். விரலை எச்சில் தொட்டு அந்த இடத்தைத் தேய்த்தாள். சாக்ஸின் சாயம். கறுப்பு போய் உள்ளே சிவப்பாக விரல் தெரிந்தது. அதை இங்கிட்டும் அங்கிட்டும் ஆட்டிக் காட்டினாள்.

மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். பத்து.

போனை ஜாஸ்பினிடம் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அப்புறம்தான் எவ்வளவு உயரம் ஏறினாள் என்று கேட்டேன்.