பாளையம்பட்டியில் உடைத்த அடுப்புகள்

19 ஜனவரி 1993, செவ்வாய்

நகராட்சியிலிருந்து கடிதம். ‘எரிசக்திச் சிக்கனம் மற்றும் சுற்றுச்சூழல் நகர ஆலோசனைக் குழு’வில் என்னை உறுப்பினராகப் போட்டிருக்கிறார்களாம். பெயரை ஒரே மூச்சில் வாசிக்க முடியவில்லை. பாத்திரக் கடைக்காரிக்கும் எரிசக்திக்கும் என்ன சம்பந்தம் என்று உதயகுமாரிடம் கேட்டேன். “பொம்பளை ஒருத்தர் இருக்கணும்னு ரூல்ஸும்மா. அப்பா பேருக்காகப் போட்டிருப்பாக” என்றான் என் மகன், தராசை விட்டுத் தலையைத் தூக்காமலேயே.

அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. இன்னும் அவர் பெயருக்குத்தான் எனக்கு மரியாதை வருகிறது. போகட்டும். முழங்கால் வலி. மத்தியானம் போன கரண்ட் ஆறு மணிக்குத்தான் வந்தது.

28 ஜனவரி, வியாழன்

முதல் கூட்டம். பதினோரு ஆண்கள், நான். தலைவர் நவநீதகிருஷ்ணன், மின்வாரியத்தில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவிளக்குக்கு டியூப்லைட்டா சோடியம் விளக்கா என்று ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். பட்டப்பகல். ஹாலில் ஆறு டியூப்லைட்டும் எரிந்துகொண்டிருந்தது. எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதற்காக நான் செய்யவில்லை, எரிச்சலில் செய்தேன்.

கடைசியாக விறகு விஷயம். டவுனுக்குள் பாதிப் பேருக்கு கேஸ் வந்தாயிற்று. விறகு எரிக்கிற வீடுகள் ஓரத்தில்தான், பாளையம்பட்டிப் பக்கம். அங்கே நாற்பது வீட்டுக்கு அரசாங்கத்தின் புகையில்லா அடுப்பு போடலாம், பாதி விறகு மிச்சம், கண்ணுக்கும் நெஞ்சுக்கும் நல்லது என்று நவநீதகிருஷ்ணன் சொன்னார். “சரஸ்வதியம்மா, எல்லாரும் உங்க கடைக்கு வர்றவங்கதானே. நீங்க பேசினா கேப்பாங்க.”

கேட்பார்கள்தான். இருபது வருஷமாக அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அண்டா குண்டா கொடுக்கிறவள் நான்.

6 பிப்ரவரி, சனி

பாளையம்பட்டி போய் வந்தேன். ராக்கம்மாள் வீட்டில் உட்கார்ந்தேன். நாலு ஏக்கர் மானாவாரி, கம்பும் சோளமும். புருஷன் கோட்டைச்சாமி. அவளுக்கு நாற்பது வயசுகூட இருக்காது, இருமினால் எழுபது வயசு என்று சொல்லலாம். அடுப்படிக்குள் போனேன், ஒரு நிமிஷத்தில் கண்ணில் தண்ணீர். சுவரெல்லாம் கரி. இதற்குள்தான் இவள் தினம் ரெண்டு வேளை உட்காருகிறாள்.

“புது அடுப்பு வந்தா இந்த இருமல் போயிருமாக்கா?” என்றாள். போகும் என்றேன். அப்புறம் மேலே பார்த்தபடி, “அப்போ கதிருக்கு?” என்றாள். அடுப்புக்கு மேலே கம்பில் கட்டுக்கட்டாகக் கதிர் தொங்கியது. “அதுக்கென்ன, அது பாட்டுக்குத் தொங்கட்டும்” என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

24 பிப்ரவரி, புதன்

கொத்தனார் வந்து அடுப்பு வைக்கிறார். ஒரு சிக்கல். புதுசு வைத்தாலும் பழசு பக்கத்திலேயே கிடந்தால் பழசில்தான் பொங்குவார்கள். ரெண்டு வீட்டில் பார்த்துவிட்டேன். பழசை இடித்தால்தான் புதுசு என்று சொன்னதே நான்தான். குழுவில் யாரும் அதைச் சொல்லவில்லை.

ஆனால் குடியிருக்கிற வீட்டில் அடுப்பை இடிக்க ஒருத்திக்கும் கை வரவில்லை. ஆகாதாம். “நீங்களே மொத அடி அடிங்கக்கா. எங்க கையால வேண்டாம்” என்றாள் ராக்கம்மாள். கடப்பாரையை வாங்கி ஒரு போடு போட்டேன். மீதியை அவள் இடித்தாள். அடுத்த வீட்டிலும் கூப்பிட்டார்கள். அப்புறம் அதற்கடுத்த வீடு.

26 பிப்ரவரி, வெள்ளி

முப்பத்தெட்டு வீடு. தோள்பட்டை கழன்றுவிட்டது. ரெண்டு வீடு மறுத்துவிட்டன. அதில் ஒருத்தி அருஞ்சுனை. “ஒங்க வீட்டு கேஸ் அடுப்பை நான் வந்து ஒடைக்கவா? விடுவீகளா?” என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். ஊர் சிரித்தது. பிடிவாதம் பிடித்தவள்.

12 ஏப்ரல், திங்கள்

ராக்கம்மாள் குழம்புச் சட்டி வாங்க வந்தாள். அரை மணி நேரம் பேசினாள், ஒரு தடவைகூட இருமவில்லை. சந்தோஷமாக இருந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் ஏதோ ஒன்று உருப்படியாகச் செய்த மாதிரி இருந்தது.

15 ஜூலை, வியாழன்

கூட்டத்துக்குப் போகவில்லை. கடையில் கூட்டம், கால் வீக்கம். நகராட்சிப் பியூன் மினிட்ஸ் புத்தகத்தைக் கடைக்கே கொண்டுவந்தார். கல்லாவில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். மூணு மாசமாக இப்படித்தான். என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை.

23 செப்டம்பர், வியாழன்

மனசு சரியில்லை. எழுதவும் பிடிக்கவில்லை.

புரட்டாசி பிறந்து ஒரு மழை பெய்ததும் பாளையம்பட்டியில் விதைக் கதிரை இறக்கியிருக்கிறார்கள். ராக்கம்மாள் கதிர்க்கட்டு ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். கல்லா மேலே வைத்து உதிர்த்தாள். மாவு. மாவும் வண்டும். கையில் எடுத்து ஊதினால் பறந்து போகிற உமி.

“அந்து விழுந்து போச்சுக்கா. எல்லா வீட்லயும்.”

எனக்குப் புரியவில்லை, ஏன் என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை! “புகைதானக்கா வெதையைக் காப்பாத்துனது. அடுப்புக்கு மேல எதுக்குக் கட்டுவாக?”

ஐயோ. அவள் அன்றைக்கே கேட்டாளே. ‘அப்போ கதிருக்கு’ என்று கேட்டாளே. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சு வந்தேனே பாவி. வெதையைத் தின்ன வண்டைக் கூட்டிட்டு வந்ததே நான்தானே.

24 செப்டம்பர், வெள்ளி

போய்ப் பார்த்தேன். முப்பத்தெட்டு வீட்டிலும் அதே கதை. மறுத்த ரெண்டு வீட்டுக் கதிர் மட்டும் கரி படிந்து, கல் மாதிரி இருந்தது. ஒன்றில் அவர்கள் விதைப்புக்கே சரி. இன்னொன்று அருஞ்சுனை வீடு, ஒரு வார்த்தை குத்திக் காட்டுவாள் என்று நினைத்தேன். காட்டவில்லை. “எனக்கு வேணுங்கிறது போக மிச்சத்தைப் பங்கு போட்டுட்டேன். ஆறு வீட்டுக்கு வரும்” என்றாள். அவ்வளவுதான்.

வருஷத்தில் ஒரே ஒரு வெள்ளாமை இவர்களுக்கு. ஐப்பசி மழைக்கு முன்னால் விதை மண்ணில் விழவில்லை என்றால் அடுத்த வருஷம்தான். அரசாங்க விவசாய டெப்போவில் விதை எப்போது வரும் என்று அங்கே இருப்பவர்களுக்கே தெரியவில்லை.

1 அக்டோபர், வெள்ளி

நரிக்குடி வந்தேன். சந்தனம்மாள் எங்கள் கடையின் பழைய வாடிக்கை, கண்மாய்ப் பாசனமும் புஞ்சையும் உள்ள குடும்பம். விதை கேட்டேன். குடுக்கேன் என்றாள், ஆனால் இன்றைக்கு இல்லை. “வெள்ளிக்கெழமை வெதையை வீட்டை விட்டு வெளிய அனுப்ப மாட்டோம் மதினி. இருந்து சாப்பிட்டுட்டு நாளைக்குக் கொண்டுட்டுப் போங்க.” இதுகூடத் தெரியாமல் வெள்ளிக்கிழமை பார்த்து வந்து நிற்கிறேன். என்னைப் போய் விவசாயக் குடும்பங்களுக்கு யோசனை சொல்லக் குழுவில் போட்டார்களே.

2 அக்டோபர், சனி

ரெண்டு சாக்கு கம்பு. கண்டக்டர் மேலே ஏற்ற மாட்டேன் என்றார், கும்பிட்டுக் கேட்டேன். இருபது வீட்டு விதைப்புக்குக் காணும். விதைக்குப் பதில் அடுத்த அறுப்பில் விதையாகவே திருப்பித் தர வேண்டும், அது அங்கத்து வழக்கம். சரி என்று என் பேரில் ஒத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

14 அக்டோபர், வியாழன்

மழை. மீதிப் பன்னிரண்டு வீட்டுக்கு டெப்போ விதை வந்தபோது மண் பதம் போய்விட்டது. பன்னிரண்டு வீட்டு நிலம் இந்த வருஷம் சும்மா கிடக்கும். அதில் ராக்கம்மாள் நிலமும் ஒன்று. நான் கொடுத்த விதையை அவள் பக்கத்து வீட்டுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறாள். “அவ பிள்ளைக்காரி” என்றாள்.

28 அக்டோபர், வியாழன்

கூட்டத்துக்குப் போனேன். மாவட்ட அளவில் சிறந்த குழுவுக்குக் கேடயமாம், அறிக்கை தயார். ‘முப்பத்தெட்டு குடும்பங்களும் பழைய அடுப்புகளைத் தாங்களாகவே அகற்றி, மகிழ்ச்சியுடன் பயன்படுத்தி வருகின்றன.’ தாங்களாகவே! மினிட்ஸைப் புரட்டினேன். ஏப்ரல், மே, ஜூலை, எல்லாவற்றிலும் இதே வரி, கீழே என் கையெழுத்து.

விதை கெட்டுப்போனதை ஒரு வரி சேருங்கள் என்றேன். அது வேளாண்மைத் துறை சமாசாரம் என்றார் ஒருவர். மற்றவர்கள் கடிகாரம் பார்த்தார்கள். வெளியே வந்ததும் நவநீதகிருஷ்ணன் தனியே சொன்னார்: “சரஸ்வதியம்மா, எங்கம்மா புகையிலேயே இருமி இருமிப் போனவங்க. அந்த ஒரு வரியைப் பாத்தா மேல இருக்கவங்க மொத்தத் திட்டத்தையும் நிறுத்திருவாங்க. வேண்டாம்மா.” கண் கலங்கியிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

அறிக்கையில் கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன். இது நல்லதா கெட்டதா தெரியவில்லை. அலுப்பாக இருக்கிறது.

20 டிசம்பர், திங்கள்

குழுவை ‘மறுசீரமைத்து’ இருக்கிறார்களாம். என் பெயர் இல்லை. “விட்டது சனியன்” என்றான் உதயகுமார். நானும் அப்படித்தான் நினைத்தேன். சாயங்காலம் ஏனோ அழுகை வந்தது.

10 பிப்ரவரி 1994, வியாழன்

பாளையம்பட்டியிலிருந்து நாலு மாசமாக ஒருத்தரும் கடைக்கு வரவில்லை. பொங்கலுக்குக்கூட வேறு கடையில் வாங்கினார்களாம். வாங்கட்டும், நியாயம்தான்.

அறுப்பு முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, நரிக்குடிக்குத் திருப்ப வேண்டிய விதையைப் பற்றிப் பேசப் போனேன். தெருமுனையிலேயே கேட்டது, ராக்கம்மாளின் இருமல்.

அவள் அடுப்படியில் பழைய அடுப்பு மறுபடி நிற்கிறது. மேலே கூரையே தெரியவில்லை, அத்தனை கதிர். தெரு முழுக்க உள்ள வீடுகளின் விதை. மற்றவர்கள் புது அடுப்பிலேயே பொங்கட்டும், விதையை எல்லாம் என் வீட்டில் கட்டுங்கள் என்று இவள் சொல்லியிருக்கிறாள். இவளுக்கு இந்த வருஷம் ஒரு கதிர்கூட விளையவில்லை. “என் நெஞ்சு எப்படியும் கெட்டதுதானக்கா. எதுக்கு முப்பது பேர் இருமணும்?” என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

கோபம் வந்துவிட்டது எனக்கு. கிறுக்குச் சிறுக்கி, சாகப் போறியா, ஒனக்கு மட்டும் எத்தனை உசுருடி இருக்குன்னு கத்திட்டேன். அடுப்பில் இருந்த கொள்ளியை இழுத்துத் தண்ணீர் ஊற்றினேன். சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. அத்தனை பெண்களும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் தெரியும்.

கோட்டைச்சாமிதான் பேசினார். “கெணறு வத்தி மூணு வருசமாச்சு. மோட்டார் ரூமு சும்மாத்தான் கெடக்கு. அங்க கட்டிப் புகை போட்டா என்ன?” யார் போய்ப் புகை போடுவது என்று ஒருத்தி கேட்டாள். “கம்மாத் தண்ணிக்கு முறை வைக்கோம்ல? புகைக்கும் வைப்போம். ராக்கு பேரை விட்டுட்டு” என்றாள் அருஞ்சுனை.

13 பிப்ரவரி, ஞாயிறு

கதிரையெல்லாம் மோட்டார் ரூமுக்கு மாற்றினார்கள். நானும் கொஞ்சம் சுமந்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. ராக்கம்மாளின் பழைய அடுப்பை இந்த முறை அவளே இடித்தாள்.

3 மார்ச், வியாழன்

நகரக் குழுவுக்குக் கேடயம் கிடைத்திருக்கிறது. பேப்பரில் போட்டோ. நவநீதகிருஷ்ணன் கேடயத்தைப் பிடித்திருக்கிறார், முகத்தில் சிரிப்பில்லை. கடையில் பேப்பரை விரித்துவிட்டு, அதிலேயே டம்ளர்களைச் சுற்றிக் கொடுத்தேன்.

15 மார்ச், செவ்வாய்

அருஞ்சுனை கடைக்கு வந்தாள். ஒன்றும் வாங்கவில்லை. “வியாழக்கெழமை ஒங்க முறை. காலையில ஏழு மணிக்கு வந்துருங்க, வேப்பந்தழை நான் ஒடிச்சு வைக்கேன்.”

எனக்கு நிலமும் கிடையாது, விதையும் கிடையாதே என்றேன்.

“இருமத் தெரியும்ல?” என்றாள்.

17 மார்ச், வியாழன்

முதல் பஸ்ஸில் போய்விட்டேன். வரட்டியும் பச்சை வேப்பந்தழையும். தீ பிடிக்கக் கூடாது, அணையவும் கூடாது, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் கண் பழமாகிவிட்டது, தொண்டை கிழிந்துவிட்டது. ராக்கம்மாள் வாசலுக்கு வெளியே காற்றுப் பக்கமாக உட்கார்ந்துகொண்டு, “இன்னுங் கொஞ்சம் தழை போடுங்கக்கா” என்று அதட்டிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு இருமல் குறைந்திருக்கிறது.

எனக்கு அடுத்த முறை ஏப்ரல் இருபத்தஞ்சு. திங்கட்கிழமை. உதயகுமாரிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.