ஊறும் வரை ஒழுகிய இழுவைப் படகு

என் பிரியமானவளுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா?

ஆறு மாதமாகப் பழுதுபார்த்த மர இழுவைப் படகைப் போன வாரம் தண்ணீரில் இறக்கினோம். போர்க்காலத்தில் அவசரமாகக் கட்டியதாம். குண்டடிபட்ட கப்பல்களைத் துறைமுகத்துக்கு இழுத்து வந்திருக்கிறது. பிறகு மணல் படகுகளை இழுத்தது. கடைசியில் பன்னிரண்டு வருஷம் கரையில் வெயிலில் கிடந்தது. அதன் சுக்கான் சக்கரம் எத்தனையோ கைபட்டு, நம் வாசல்படி மாதிரி தேய்ந்திருக்கிறது.

இறக்கிய அரை மணியில் உள்ளே முழங்கால் அளவு தண்ணீர். ஜன்னல், கதவு செய்து பழகியவனுக்கு என்ன தெரியும்? நான் பொருத்திய பலகைதான் விட்டுப்போச்சு என்று வாளியோடு குதித்து, கத்தி ஊரைக் கூட்டிவிட்டேன். பயப்படாதே, கால் நகம் மட்டும்தான் பெயர்ந்தது.

மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தார். "காஞ்ச மரம்டா! தண்ணி குடிச்சு ஊறட்டும். மூணு நாள் ஒழுகும், அப்புறம் மரம் உப்பி இடுக்கெல்லாம் தானா அடைச்சுக்கும். அதுவரைக்கும் இறைச்சு ஊத்து."

நாலாம் நாள் பார்த்தால் சொட்டுத் தண்ணீர் இல்லை.

என் உளிக்கு எண்ணெய் தடவி வை. நீலச் சட்டையை யாருக்கும் கொடுத்துவிடாதே. சின்னவளுக்கு என் போட்டோவைக் காட்டிக்கொண்டிரு.

போன லீவில் வந்ததும் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேனே, "எதுக்குத்தான் வந்தீங்க?" என்று நீகூட அழுதாயே. அடுத்த மாதம் வருகிறேன். மேஸ்திரி கூப்பிடுகிறார், முடிக்கிறேன். முதல் மூன்று நாள் மட்டும் பொறுத்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்