நாற்பத்தேழு பேர் திரும்பிப் பார்த்தார்கள்

ஜப்பான்
18.5.1986

அன்புள்ள சாமுண்டிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. அம்மாவின் முழங்கால் வலி, நைனாவின் சைக்கிளுக்குப் புது டயர், குழாயடியில் எதிர்வீட்டுக்காரர்களோடு நடந்த சண்டை எல்லாம் தெரிந்துகொண்டேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. சோறு குழைந்து ஒட்டுகிறது, பழகிவிட்டது. தண்ணீர் பம்புகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை. நல்ல பம்புகள். பிரச்சினை பம்பில் இல்லை.

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். இந்த ஊரில் வெளிநாட்டான் என்று இருப்பது நான் ஒருவன்தான். வந்து மூன்று மாதம் ஆகிறது. இன்னும் எல்லோரும் பார்த்து முடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் எண்ணிப் பார்த்தேன். விடுதியிலிருந்து தொழிற்சாலைக்கு ஒன்றரை கிலோமீட்டர். நாற்பத்தேழு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒன்பது பேர் நின்று பார்த்தார்கள். ஒருவர் சைக்கிளோடு சாக்கடையில் இறங்கிவிட்டார். அவரைத் தூக்கிவிடப் போனேன், பயந்து இன்னும் உள்ளே போனார்.

ரயிலில் இருபது பேர் நிற்பார்கள், என் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். ஆனால் கடையில் சீப்பு வாங்கினால் கடை முழுக்க என் பின்னால் வரும். போன வாரம் ஒரு கிழவி விரலில் எச்சில் தொட்டு என் மணிக்கட்டைத் தேய்த்துப் பார்த்தாள், சாயம் போகிறதா என்று. அவளைத் திட்ட எனக்கு பாஷை போதவில்லை. பத்திரிகைக்காரன் ஒருவன் படம் எடுக்க வந்தான். இந்தியன் என்றால் தலைப்பாகை வேண்டுமாம். தொழிற்சாலைத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பம்புக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னான். நிற்கவில்லை. எங்கள் மேஸ்திரி மோரிக்கு அதில் வருத்தம்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. அடித்தால் திருப்பி அடிக்கலாம். சிரித்துக்கொண்டே பார்க்கிறவனை என்ன செய்வது?

ஆறு மாதம் முடிந்ததும் உன்னை அழைத்துக்கொள்வதாகக் கல்யாணத்தின்போது சொன்னேன். ஆகஸ்ட் 31க்குள் கம்பெனி பாரத்தில் 'குடும்பம் வரும்' அல்லது 'வராது' என்று எழுதித் தர வேண்டும். மூன்று வருஷ ஒப்பந்தத்துக்கு ஒரே தடவைதான் கேட்பார்கள். யோசித்தேன். நீ வர வேண்டாம். உன்னைப் புடவையோடு இந்தத் தெருவில் கொண்டுவந்து நிறுத்த என்னால் ஆகாது.

அம்மாவை முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்.

இப்படிக்கு,
தனகோட்டி


செஞ்சி
10.6.1986

அன்புள்ள மாமாவுக்கு,

சாமுண்டீஸ்வரி வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்க அங்காளம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தை வழக்கம்போல மாமனார்தான் பிரித்தார். என் பேருக்கு வந்தாலும் அவர்தான் பிரிப்பார் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டில் ஒரு தடவை படித்தார். பிறகு சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், தாவூத் பாய் டீக்கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். சாக்கடையில் இறங்கின ஆளுக்குக் கடையே சிரித்ததாம். "இன்னொருவாட்டி படி வீராசாமி, அந்த சைக்கிள்காரன் இடத்த"ன்னு கேட்டாங்களாம். கடைசிவரைக்கும் படித்தார். என்னை வர வேண்டாம் என்று எழுதின இடத்தையும் படித்தார்.

அத்தைக்கு ஒரே அழுகை. "எம் புள்ளைக்கு ஊரு கண்ணே பட்டுப்போச்சு, அத்தினி கண்ணையும் அவன் ஒருத்தன் எப்பிடிடி தாங்குவான்?" என்று கேட்டுவிட்டு, அமாவாசைக்கு முழங்கால் வலியோடு மேல்மலையனூருக்கு ஸ்பெஷல் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்தார்கள். தாயத்து மந்திரித்து வாங்கி வந்தார்கள், இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். இடது கையில், முழங்கைக்கு மேலே கட்டிக்கொள்ள வேண்டுமாம். கழற்றவே கூடாதாம், குளிக்கும்போதும்.

என்னைப் பற்றிக் கேட்டால், தண்ணிக்குப் போனால் "ஜப்பான்காரன் பொண்டாட்டி வருது, வழி வுடுங்கடி" என்கிறார்கள். முன்பு சிரித்துக்கொண்டு சொன்னார்கள். இப்போது சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. உங்களிடம் சொல்ல வேண்டும் என்று சொல்கிறேன்.

உங்கள்,
சாமுண்டீஸ்வரி


ஜப்பான்
20.7.1986

அன்புள்ள சாமுண்டிக்கு,

தாயத்து வந்தது. அதனால் என்ன ஆயிற்று என்று கேள்.

நான் இத்தனை நாள் அறையிலேயே வாளியில் தண்ணீர் வைத்துக் குளித்துக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இறங்குகிறது என்று விடுதிக்காரர் வாளியைப் பிடுங்கிக்கொண்டார். இனிமேல் எல்லோரும் குளிக்கிற பொதுத் தொட்டிதான். அதில் துணியில்லாமல் இறங்க வேண்டும். என் நைனாவே என்னை அப்படிப் பார்த்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. லுங்கியோடு போனேன். பதினோரு பேர் வெந்நீரில் கழுத்துவரை உட்கார்ந்து பார்த்தார்கள். லுங்கி கூடாது என்றார்கள். சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவிழ்த்தேன். அப்போதுதான் தாயத்து அவர்கள் கண்ணில் பட்டது.

அது என்ன என்று மோரி கேட்டார். எனக்குத் தெரிந்த நாற்பது வார்த்தைகளில், "மற்றவர்கள் பார்க்காமல் இருப்பதற்கு" என்றேன். பதினோரு பேரும் எழுந்து கிட்டே வந்து பார்த்தார்கள்! மறுநாள் தொழிற்சாலை முழுக்கப் பரவிவிட்டது. சாப்பாட்டு இடைவேளையில் சட்டைக் கையை மடக்கிக் காட்டச் சொல்கிறார்கள். டிராயிங் பிரிவில் ஒருவன் அளவெடுத்துப் படம் வரைந்தே விட்டான். நேர்த்தியாக வரைந்திருக்கிறான், அது வேறு எரிச்சல்.

கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லாதே.

பார்வைக்கு எடை கிடையாது என்றுதான் நானும் நினைத்தேன். பேரிங்கில் மணல் விழுவது மாதிரி அது. ஒரு மணலால் ஒன்றும் ஆகாது. நாள் முழுக்க விழுந்தால் சுற்றுகிறதெல்லாம் தேயும்.

ஒன்று ஞாபகம் வருகிறது. கல்யாணத்துக்கு மறுநாள் ராஜகிரிக் கோட்டைக்கு ஏறினோமே, பாதி வழியில் படியில் தனியாக உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரம்மா. போட்டோகிராபரையும் இழுத்துக்கொண்டு போய், கேட்காமல் அவளுக்கு இரண்டு பக்கமும் நீயும் நானும் நின்றோம். அவள் சிரித்தாள். நல்ல மாதிரி என்று சொன்னேன். அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு என்று இப்போது தெரிகிறது. தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன். கூடத்தில் மாட்டியிருக்கிற அந்தப் படத்தை எடுத்துவிடு.

நைனா டீக்கடையில் படித்தால் படித்துவிட்டுப் போகட்டும். அவருக்கும் பொழுது போக வேண்டும். பாரத்தில் 'வராது' என்று எழுதப் போகிறேன். மூன்று வருஷம்தான், ஓடிவிடும். பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வை, பிறகு உதவும்.

இப்படிக்கு,
தனகோட்டி


மேல்மலையனூர்
12.8.1986

மாமாவுக்கு,

மேலே ஊர்ப் பெயரைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் எங்கள் அம்மா வீட்டில் இருக்கிறேன். உங்கள் அப்பா அம்மாவோடு சண்டை ஒன்றும் இல்லை. பெட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கூடத்தில் இருந்த அந்தப் படத்தையும் எடுத்து வந்திருக்கிறேன்.

நைனா படித்தால் படிக்கட்டும் என்று எழுதினீர்கள். படித்தார். வீட்டில் மட்டும் தாயத்தைக் கழற்றின வரியை அத்தை காதில் விழாமல் விட்டுவிட்டார். குளியல் தொட்டி விஷயத்துக்குக் கடை அதிர அதிரச் சிரித்தார்களாம். அப்புறம் "வராது என்று எழுதப் போகிறேன்" வந்ததாம். யாரும் சிரிக்கவில்லையாம். தாவூத் பாய் மட்டும், "வீராசாமி, இத இங்க படிச்சிருக்க வேணாம்"னாராம். மாமனாருக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

அதற்குள் ஊர் ஒரு கதை கட்டிவிட்டது. மூன்று நாளில் எனக்கே வந்தது. திண்டிவனத்தில் உங்கள் சித்தப்பா வீட்டில் காதுகுத்து. என்னைச் சாப்பாட்டுப் பந்தியில் நடுவில் உட்கார வைத்துக்கொண்டு நம் தெரு அம்மாக்கண்ணு அத்தை கேட்கிறார்கள்: "இன்னாடி, ரெண்டு தபா வராத வராதன்னு எழுதிட்டானாமே. அங்க ஒரு ஜப்பான் பொம்மையப் புடிச்சிட்டானா?" பந்தி முழுக்கக் கை நின்றுவிட்டது. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். நான் சிரித்தேன் மாமா. நீங்கள் எழுதினீர்களே, அந்தச் சிரிப்பு.

பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், "நீ வீராசாமி மருமவதான?" என்று கேட்டுவிட்டு உச்சுக் கொட்டுகிறார்கள். குழாயடியில் எனக்கு முதல் குடம் பிடிக்க விடுகிறார்கள். அதைவிட அவமானம் எனக்கு வேறு இல்லை.

நீங்கள் நாற்பத்தேழு பேர் என்று எண்ணினீர்கள். நான் எண்ண வேண்டியதே இல்லை. பார்க்கிற ஒவ்வொருத்தரின் பேரும் எனக்குத் தெரியும்.

அங்கே நான் வந்தால் எல்லோரும் பார்ப்பார்கள், அது தெரியாமலா பாஸ்போர்ட் எடுத்தேன்? பார்க்கட்டும். என்னைத் தொட்டுத் தேய்த்துப் பார்க்கட்டும். சாயம் போகாது என்று தெரிந்தால் போய்விடுவார்கள். இங்கே அப்படியா? ரெண்டு பேராக நின்றால் ஆளுக்குப் பாதி என்று நினைத்தேன். நீங்கள் உங்கள் பங்கை அங்கேயும் என் பங்கை இங்கேயும் வைத்துவிட்டீர்கள்.

'வராது' என்று எழுதினால் எழுதுங்கள். நான் செஞ்சிக்குத் திரும்பிப் போகமாட்டேன். என்ன காரணம் என்று மட்டும் உண்மையாக எழுதுங்கள். எனக்காக என்று எழுதாதீர்கள்.

சாமுண்டீஸ்வரி


ஜப்பான்
26.8.1986

சாமுண்டிக்கு,

இந்தக் கவரில் உன் பேர் மட்டும் எழுதி, உன் அம்மா வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன். வேறு யாரும் பிரிக்க வேண்டாம்.

உண்மையான காரணம் கேட்டாய். செஞ்சியில் நான் டிப்ளமோ படித்த ஆள். மோட்டார் ஓடவில்லை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். நீ கட்டிக்கொண்டது அந்த ஆளை. இங்கே நான் தெருவில் போனால் குழந்தைகள் பாட்டுப் பாடிக்கொண்டு பின்னால் வருகின்றன. தலையைக் குனிந்துகொண்டு போகிறேன். அதை நீ பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். உன்னை யாராவது பார்ப்பார்களே என்று நான் பயப்படவில்லை. இதுதான் காரணம். எழுதவே கை கூசுகிறது. எழுதிவிட்டேன்.

உன் ஜூன் மாதக் கடிதத்திலேயே இருந்தது. முகத்தைப் பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். நான் தாயத்தைத்தான் பிரித்துப் பார்த்தேன்.

நேற்று பாரத்தில் 'வரும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மோரி இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். டிசம்பர் முதல் வாரம் டிக்கெட் அனுப்புவார்கள். விசா தாள்கள் தனியாக வரும். அசல் எதையும் யாரிடமும் கொடுக்காதே, நகல் எடுத்துக் கொடு. கம்பளிச் சட்டை இரண்டு வாங்கு. குடும்பக்காரர்களுக்குத் தனி வீடு, தனிக் குளியலறை. தரைத்தளம். தண்ணீர் ஒழுகினாலும் கீழே ஆள் கிடையாது.

இங்கே பார்க்கத்தான் செய்வார்கள். அது நிற்கும் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு இன்னும் தினமும் எரிச்சலாகத்தான் வருகிறது. தெரிந்துகொண்டு வா.

இதோடு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். நைனாவிடம் கொடு. டீக்கடையில் படிக்கச் சொல்.

தனகோட்டி

(உடன் வைத்த தாள்)

நைனாவுக்கும், தாவூத் பாய் கடையில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தனகோட்டி எழுதுவது. என் மனைவி சாமுண்டீஸ்வரி டிசம்பரில் என்னிடம் வருகிறாள். முன்பு வர வேண்டாம் என்று எழுதியது என் தைரியக்குறைவு. அவள்மேல் ஒரு குறையும் இல்லை. இங்கே எனக்கு வேறு யாரும் இல்லை, பம்பு மட்டும்தான். சந்தேகம் இருக்கிறவர்கள் எனக்கு எழுதலாம், விலாசம் நைனாவிடம் இருக்கிறது. இனிமேல் என் கடிதம் எதையும் கடையில் படிக்க வேண்டாம். இது கடைசி.


செஞ்சி
14.9.1986

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நானே பிரித்தேன். பிரிக்கத் தெரியாமல் ஓரத்தைக் கிழித்துவிட்டேன்.

தாளை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை செஞ்சிக்கு வந்தேன். மாமனார் படித்துப் பார்த்தார். சட்டைப் பையில் வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார். "தொண்டை கட்டிக்கினுகீது சாமுண்டி, நாளைக்குப் பாக்கலாம்" என்றார். அவர் தொண்டைக்கு ஒன்றுமில்லை. "நைனா, வாங்க போலாம்" என்று தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

தாவூத் பாய் கடைக்குள் எந்தப் பொம்பளையும் வந்து நின்று நான் பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை போல, டீ ஆற்றுகிற கை அப்படியே நின்றுவிட்டது. "இன்னாம்மா, வீட்டுக்கு ஏதாச்சும் வேணுமா?" என்றார். "ஒண்ணும் வேணாம் பாய். ஒரு கடுதாசி படிக்கணும்" என்றேன்.

படித்தேன். முதல் வரியை இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. 'பம்பு மட்டும்தான்' என்ற இடத்தில் யாரோ சிரித்தார்கள், அது எனக்கு நல்லதாகப் போயிற்று. பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள். கண்டக்டர் விசில் ஊதாமல் நின்றார். முழுக்கப் படித்து முடித்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். முதலில் தலையைக் குனிந்தது ரங்கநாதன் மாமா. அம்மாக்கண்ணு அத்தையின் வீட்டுக்காரர்தான்.

மாமனார் கடைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தார், ஏறவில்லை.

அத்தை எனக்கும் ஒரு தாயத்து மந்திரித்து வைத்திருக்கிறார்கள். வாங்கிக்கொண்டேன். நீங்கள் கழற்றியதைச் சொல்லவில்லை.

தனிக் குளியலறை என்று எழுதினீர்கள். நம் வீட்டுப் பித்தளை அண்டாவைக் கொண்டுபோகச் சொல்கிறார்கள் அத்தை. நான் வாளி போதும் என்கிறேன். விடுதிக்காரரிடமிருந்து உங்கள் வாளியைத் திரும்ப வாங்கி வையுங்கள்.

உங்கள்,
சாமுண்டீஸ்வரி