வீடு பூட்டியிருந்தது

சுங்கை பட்டாணி
9.2.2025

அன்புள்ள தங்கமணிக்கு,

இராசாத்தி எழுதுகிறேன். போனில் நான் போடுகிற சத்தம் பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான் கேட்கிறது, உனக்குக் கேட்பதில்லை. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன். தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த எழுத்து, வீண் போகவில்லை.

உன் சின்னப் பேத்தி தேவகி இந்த வருஷம் காலேஜ் உபகாரச் சம்பளத்துக்கு மனுப் போடப் போகிறாள் அல்லவா? இனிமேல் காகித மனு கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டர். எந்த மென்பொருளை வாங்குவது என்று உபகாரச் சம்பளக் கமிட்டி கூடியது. இருபது வருஷமாகத் தோட்டத்துத் தாய்மார் சார்பில் உட்காருகிறவள் நான். என்னைக் கேட்காமல் வாங்கிவிடுவார்களா?

இரண்டு கம்பெனிகள் வந்தன. கோலாலம்பூரிலிருந்து வந்த கே.எல். கம்பெனியின் மென்பொருள் மார்க்கையும் குடும்ப வருமானத்தையும் பார்த்துத் தானே புள்ளி போட்டு வரிசைப்படுத்திவிடும். வீடு பார்க்கப் போகிற வேலையே இல்லை. பினாங்குக் கம்பெனியுடையதில் வீடு பார்வைக்கு இடம் உண்டு. அதைக் காட்ட வந்த விக்னேஸ்வரன் என்ற பையன், “பாட்டி, நீங்க போன எடுத்துட்டுப் போனா போதும்லா. எந்த வீட்டு முன்னால, எத்தன மணிக்கு நிக்கிறீங்கன்னு அதுவே எழுதிக்கும்” என்றான். “ஏன்டாப்பா, என்னக் களவாணின்னு நெனச்சியா?” என்று கேட்டேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

நான் கே.எல். கம்பெனிக்குத்தான் கை தூக்கினேன்.

என் பேரன் ஜீவன் கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் வேலையில் இன்னொரு படி ஏறிவிட்டான். அவனுக்குக் கீழே இப்போது ஒன்பது பேர்.

உன்
இராசாத்தி


திகாம் பத்து
21.2.2025

அன்பு இராசாத்திக்கு,

கடிதம் வந்தது. தேவகியை வாசிக்க விடாமல் நானே கண்ணாடி போட்டு வாசித்தேன். ஜீவனுக்கு என் ஆசீர்வாதம். வந்து ஒரு வருஷமாகிறது, ஒரு நடை வரச் சொல்.

ஒன்றுதான் விளங்கவில்லை. “வீட்டுக்குள்ள போயி அடுப்பப் பாக்காம யாருக்கு என்ன குடுக்கிறது?” என்று எத்தனை தரம் கமிட்டியில் சண்டை போட்டிருக்கிறாய்! இப்போது வீடு பார்வை இல்லாத மென்பொருளுக்குக் கை தூக்கினாய் என்கிறாய். வயதாகிவிட்டதா உனக்கு?

நம் வட்டாரத்துக்கு வருஷத்துக்கு ஒரு பிள்ளைதான் என்பதால் தேவகி பயப்படுகிறாள். அக்கா வாணிக்குக் கிடைக்காமல் போனது அவள் மனதில் இருக்கிறது. அந்த வருஷம் ஜீவனுக்கு மார்க் அதிகம், கிடைத்தது. அதில் யார்மேலும் எனக்குக் குறை இல்லை. வாணிதான் அத்தோடு படிப்பை விட்டு பேக்டரிக்குப் போனாள். பேக்டரி பஸ் கவிழ்ந்து அவள் போய் ஆறு வருஷம் ஆகப்போகிறது. அவள் போன் நம்பரைத் தேவகி இன்னும் கட்டணம் கட்டி வைத்திருக்கிறாள். அதே நம்பரைத்தான் இவள் பாவிக்கிறாள்.

பசாரில் நல்ல கெளுத்தி வந்தது. கருவாடு போட்டிருக்கிறேன். ஆள் கிடைத்தால் கொடுத்து விடுகிறேன்.

தங்கமணி


சுங்கை பட்டாணி
16.3.2025

அன்புத் தங்கத்துக்கு,

வயதாகவில்லை. மழையில் தோட்டத்து லய வீடுகளில் ஏறி இறங்க முழங்கால் விடவில்லை, அவ்வளவுதான்.

காலேஜில் இந்த வேலையைப் பார்க்கிற ஷாமளா ஒரு புது யோசனை சொன்னாள். வாங்குவதற்கு முன்னால் பத்து வருஷத்துப் பழைய ஃபைல்களை ஏற்றி இரண்டு மென்பொருளையும் ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். மாணவர்களை வைத்து ஒவ்வொரு காகிதமாகத் தட்டச்சு செய்கிறார்கள். பழைய குப்பையை எதற்குக் கிளறுவது என்றேன். “பழசுல சரியா வந்தாத்தானே பாட்டி, புதுசுல நம்ப முடியும்” என்றாள். வாணியின் ஃபைலை மட்டுமாவது எடுத்துவிடு, செத்துப்போன பிள்ளையம்மா என்று சொன்னேன். செய்கிறேன் என்றாள், செய்தாளோ என்னவோ.

மே 24-ஆம் தேதி கமிட்டிக் கூட்டம், அன்றே புது மென்பொருளுக்குத் திறப்பு விழா. ஜீவனைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். “இராசாத்தி அம்மா பேரன்” என்று நோட்டீசில் போட்டிருக்கிறது.

உன்
இராசாத்தி


திகாம் பத்து
6.4.2025

இராசாத்திக்கு,

வியாழக்கிழமை தேவகியின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. தேவகிக்கு அல்ல, வாணிக்கு. பிள்ளை அதைத் தமிழில் எழுதிக் கொடுத்தாள். அப்படியே கீழே எழுதுகிறேன்.

“வாணி அவர்களுக்கு. உங்கள் 2017 மனு ஏற்கப்படவில்லை. வட்டாரத் தகுதி வரிசையில் உங்கள் இடம்: 1. காரணம்: வீடு பார்வை நடைபெறவில்லை. 23.4.2017, வீடு பூட்டியிருந்தது. பார்வையாளர்: இராசாத்தி.”

மறுநாள் ஷாமளா அழைத்து அழாத குறையாக மன்னிப்புக் கேட்டாளாம். சோதனைக்கு ஓட்டியபோது பழைய நம்பர்களுக்கெல்லாம் கடிதம் போய்விட்டதாம். போகட்டும்.

அந்தத் தேதியைக் காலண்டர் இல்லாமலே எனக்குத் தெரியும். அன்று நம் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. திருவிழா அன்று லயத்தில் எந்த வீடு பூட்டிக் கிடந்தது? வாணி பால்குடம் எடுத்தாள். காலையிலிருந்து என் வீட்டில்தான் நீ இருந்தாய். முருங்கைக்கீரை உருவியதும் நீதான்.

மென்பொருள் தப்பா, நீயே சொல். நீ சொல்வதை நம்புகிறேன்.

தங்கமணி


சுங்கை பட்டாணி
10.4.2025

அன்புத் தங்கத்துக்கு,

உன் கடிதம் பார்த்துப் பதறிவிட்டேன். இந்த மெஷின்களை நம்பவே கூடாது. தட்டச்சு செய்தவர்கள் சின்னப் பிள்ளைகள், யாருடைய தாளையோ எடுத்து யார் பெயரிலோ போட்டிருப்பார்கள். வரட்டும் கூட்டம், நானே ஷாமளாவை

11.4.2025

நேற்று மேலே இருப்பதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பேனா நின்றுவிட்டது. அது பொய், தங்கம். கிழித்துப் போடலாம் என்றுதான் எடுத்தேன். கிழித்தால் இன்னொரு பொய்யை எழுதிவிடுவேன் என்று பயந்து அப்படியே அனுப்புகிறேன்.

அன்று உன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் கூட்டம். உன் வீட்டுத் தாள் என் பையில் இருந்தது. பேரன் பெயர் பட்டியலில் இருக்கும்போது நான் வீடு பார்க்கப் போயிருக்கவே கூடாது, யாரும் கேட்கவில்லை. வாணி முதலாவது, ஜீவன் இரண்டாவது. அந்தத் தாளில் வீடு பூட்டியிருந்தது என்று எழுதினேன். அவளுக்கு இருக்கிற மூளைக்கு வேறு எங்காவது கிடைத்துவிடும், இவனுக்கு இதை விட்டால் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பிள்ளை பஸ்ஸில் ஏறப் போகிறாள் என்று எனக்குத் தெரியுமா?

தேவகியைப் பற்றிக் கவலைப்படாதே. இந்த வருஷ இடம் அவளுக்குத்தான். நான் பார்த்துக்கொள்கிறேன். என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.

உன்
இராசாத்தி


திகாம் பத்து
27.4.2025

இராசாத்திக்கு,

திட்டத் தெம்பு இல்லை.

பஸ் கவிழ்ந்ததை உன் தலையில் போடமாட்டேன். நான் கேட்பது வேறு. முடிவு வந்த அன்று வாணி புத்தகத்தையெல்லாம் பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டு வந்தாள். “எனக்குப் படிப்பு ஏறாது பாட்டி, என்ன விட்ருங்க” என்றாள். பேக்டரி சட்டையோடு அன்றாடம் அதையே சொன்னாள். தேவகிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுகூட, “அக்கா மக்குத்தான், நீ மிஸ்ஸக் கேட்டுக்கோ” என்பாள். வட்டாரத்தில் முதலாவதாக வந்த பிள்ளை, தான் மக்கு என்று நம்பிக்கொண்டே செத்தாள். நீ துக்கத்துக்கு வந்து என் பக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தாய். அப்போதாவது சொல்லியிருக்கலாமே.

வீடு பார்வை என்று தனியாக வருவாய் என்று நான் காத்திருக்கவும் இல்லை. அப்போது தினம் வந்து போகிறவள், புதிதாக எதைப் பார்க்கப் போகிறாள் என்று இருந்துவிட்டேன்.

தேவகிக்கு ரிசல்ட் நன்றாக வந்திருக்கிறது. மனுப் போட்டுவிட்டாள். அதில் நீ கை வைக்காதே. எனக்கு ஒன்றே ஒன்று செய். வீடு பூட்டியிருக்கவில்லை என்று உன் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, மே 24-ஆம் தேதி கமிட்டியில் கொடு. வாணியின் ஃபைலில் அது ஏறட்டும். அதைச் செய்தால் உன்னோடு முன்போல இருக்க முடியுமா என்று தெரியாது. முயற்சி செய்வேன்.

தங்கமணி


சுங்கை பட்டாணி
26.5.2025

அன்புத் தங்கத்துக்கு,

எழுதினேன். நான்கு வரி. நீ சொன்னபடியே எழுதிக் கையெழுத்தும் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

கமிட்டித் தலைவர் சதாசிவம், கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஏற்கெனவே வாங்கியிருந்த பினாங்குக் கம்பெனி மென்பொருளைத் திறந்துவைத்தார்கள். பிறகு ஜீவன் மேடையேறினான். பிள்ளைகள் முன்னூறு பேர் இருப்பார்கள். “எங்க பாட்டி அஞ்சாம் வகுப்புதான் படிச்சாங்க. யாருக்கும் பயந்து பொய் சொன்னதில்ல. நான் நேர்மையா மேல வந்தேன்னா அவங்கதான் காரணம்” என்றான். என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். தங்கம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் என்ன பாவம் செய்தான்?

இறங்கி வரும்போது ஷாமளா, “பாட்டி, எதோ காகிதம் குடுக்கணும்னீங்களே?” என்று கேட்டாள். “ஒண்ணுமில்லலா, மருந்துச் சீட்டு” என்று சொல்லிவிட்டேன்.

காகிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. உனக்கு அனுப்பட்டுமா? நீ வைத்துக்கொள். ஆனால் கமிட்டிக்குப் போக வேண்டாம். ஜீவனுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பட்டியல் வந்துவிட்டது. நம் வட்டாரத்துக்குத் தேவகிதான். வீடு பார்க்கக் கமிட்டியிலிருந்து குணாளன் வந்திருப்பான். நான் கை வைக்கவில்லை, மாரியம்மன்மேல் சத்தியம். அவளாகவே வந்தாள். அதையாவது நினைத்து மனம் ஆறு.

உன்
இராசாத்தி


திகாம் பத்து
22.6.2025

இராசாத்தி அம்மாள் அவர்களுக்கு,

உங்கள் காகிதம் எனக்கு வேண்டாம். அதில் இருப்பது எனக்குத் தெரிந்ததுதான், தெரிய வேண்டியவர்கள் வேறு.

தேவகி அந்த இடத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டாள். நான் சொல்லிச் செய்யவில்லை. எவ்வளவோ எடுத்துச் சொன்னேன், இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தேன். “அக்காவுக்கு இல்லாதது எனக்கு வேணாம் பாட்டி” என்றாள். காலேஜுக்குப் பதில் பள்ளியிலேயே ஆறாம் படிவத்துக்குப் போகிறாள். அதற்குப் பிறகு எப்படியோ.

வேண்டாமென்றால் காரணம் எழுதாமல் அந்த மென்பொருள் விடாதாம். போனில் அரை மணி நேரம் தட்டினாள். என்ன எழுதினாய் என்று கேட்டேன். என் காதருகே வந்து உரக்க வாசித்தாள். அக்காவின் பெயர், திருவிழாத் தேதி, அன்று எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்களின் பெயர்கள், எல்லாம் வரிசையாக இருந்தன. உங்கள் பெயர் முதலில் இருந்தது.

நேற்றுக் காலேஜிலிருந்து ஆட்கள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். உங்களிடமும் வருவார்கள். ஜீவனுக்கு வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
வாணியின் பாட்டி